ரும்பெல்ஸ்டில்ட்ஸ்கின் பக்கத்து நியாயம்: வில்லன் பார்வையில் மறுகதை எழுதுவோருக்கு ஒரு வழிகாட்டி

கிரிம் சகோதரர்கள் தொகுத்த கதை ஒன்றை எடுத்து, அதில் வில்லனாக வருபவரின் பக்கமிருந்து திரும்பச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருந்தால் இது உங்களுக்கான கட்டுரை. ரும்பெல்ஸ்டில்ட்ஸ்கின் என்ற குட்டி மனிதன் ஒரு மில்காரன் மகளுக்காக வைக்கோலைப் பொன்னாக நூற்றுக் கொடுக்கிறான், அதற்கு விலையாக, அவள் ராணியானதும் அவள் குழந்தையைக் கேட்கிறான்; மூன்று நாளுக்குள் அவன் பெயரைச் சொல்லிவிட்டால் குழந்தை அவளுக்கே. நான் இந்தக் கதையை அந்தக் குட்டி மனிதனின் பார்வையில் எழுதி, அச்சு வரைக்கும் கொண்டுபோனேன். எழுத ஆன நேரத்தைவிட, எந்தப் பதிப்பை நம்புவது, யாரிடம் அனுமதி வாங்குவது, ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்கான தனி அடையாள எண்) எங்கே கிடைக்கும் என்று அலைந்த நேரம்தான் அதிகம். கேட்ட இடத்தில் எல்லாம் ஆளுக்கொரு பதில். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஒரு விதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையில் நடந்தவற்றை மாற்றாதீர்கள். ஏன் நடந்தன என்பதை மட்டும் உங்கள் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தில் விஷ ஆப்பிள் இருந்தால் உங்கள் கதையிலும் அது விஷ ஆப்பிள்தான். "உண்மையில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை, எல்லாம் பொய்ப் பழி" என்று எழுதுவது மிகச் சுலபம். ஆனால் அந்த இடத்திலேயே கதையின் பிடிமானம் போய்விடும்.

1. வில்லன் கடைசியில் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள்

தேர்வு செய்யும்போது பலரும் கவனிக்காத விஷயம் இது. "நான்" என்று தன்மையில், நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்த்துச் சொல்ல வேண்டுமானால் சொல்பவர் பிழைத்திருக்க வேண்டும்.

ஸ்னோ ஒயிட் கதையின் ராணி பிழைப்பதில்லை. திருமண விருந்தில், பழுக்கக் காய்ச்சிய இரும்புக் காலணிகளை மாட்டிக்கொண்டு சாகும்வரை ஆட வேண்டியிருக்கிறது. ஹான்ஸல், கிரெட்டல் கதையின் சூனியக்காரி அடுப்பில் எரிந்து போகிறாள். இவர்களை எழுதலாம், ஆனால் நிகழ்காலத்தில் எழுத வேண்டும், அல்லது படர்க்கையில், அல்லது சாவின் வாசலில் நின்று பேசுவதாக. முதல் கதைக்கு இது கடினம்.

பிழைத்திருப்பவர்களும் உண்டு. டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் 1837-ல் வெளியிட்ட கடற்கன்னிக் கதையில் வரும் கடல் சூனியக்காரிக்கு எந்தத் தண்டனையும் இல்லை. கடற்கன்னிக்கு மனிதக் கால்கள் தருவதற்கான விலையை முன்கூட்டியே சொல்கிறாள், நீ செய்வது முட்டாள்தனம் என்று எச்சரிக்கவும் செய்கிறாள், அதற்குப் பிறகுதான் நாக்கை வாங்கிக்கொள்கிறாள். தூங்கும் இளவரசி கதையின் பதின்மூன்றாம் ஞானப்பெண்ணும் சாபம் இட்டதோடு கதையைவிட்டுப் போய்விடுகிறாள். இளவரசி பிறந்ததற்கான விருந்துக்கு அவளை ஏன் அழைக்கவில்லை தெரியுமா? அரண்மனையில் தங்கத் தட்டு பன்னிரண்டுதான் இருந்தது. ஒரு தட்டு குறைந்ததால் விடுபட்டுப் போன விருந்தாளிக்கு, அதன் பிறகு நூறு ஆண்டுகள் இருக்கின்றன, யோசித்துப் பார்க்க. நல்ல கதை அங்கே காத்துக்கொண்டிருக்கிறது, யாராவது எழுதுங்கள்.

ரும்பெல்ஸ்டில்ட்ஸ்கின் நிலை இன்னும் சுவாரசியமானது. அவன் சாகிறானா பிழைக்கிறானா என்பது நீங்கள் எந்தப் பதிப்பைக் கையில் எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

2. ஒரே ஒரு பதிப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள்

கிரிம் தொகுப்பு 1812-ல் முதல் தொகுதியாக வந்தது. 1857 வரை ஏழு பதிப்புகள். ஒவ்வொன்றிலும் கதைகளைத் திருத்திக்கொண்டே போனார்கள். 1812-ல் ஸ்னோ ஒயிட்டைக் கொல்ல ஆள் அனுப்புவது அவளைப் பெற்ற தாய். 1819 பதிப்பில்தான் அவள் மாற்றாந்தாய் ஆகிறாள். வில்லன் பார்வையில் எழுதுபவருக்கு இது சின்ன வேறுபாடு இல்லை. இரண்டும் இரண்டு வேறு கதைகள்.

ரும்பெல்ஸ்டில்ட்ஸ்கின் தொகுப்பில் 55-ஆம் கதை. 1812 பதிப்பில், தன் பெயர் வெளிப்பட்டதும் அவன் கோபத்தோடு ஓடிப் போகிறான், திரும்பி வரவே இல்லை. 1857 பதிப்பில் வலது காலை இடுப்புவரை தரையில் புதையும்படி உதைத்து, இடது காலை இரு கைகளாலும் பிடித்துத் தன்னையே இரண்டாகக் கிழித்துக்கொள்கிறான். அவன் பெயர் ராணிக்குத் தெரிந்த விதமும் வேறு. பழைய பதிப்பில் வேட்டைக்குப் போன ராஜாவே காட்டில் பார்த்ததை வந்து தற்செயலாகச் சொல்கிறார். பிந்தைய பதிப்பில் ராணி அனுப்பிய தூதன் கண்டுபிடித்து வருகிறான்.

தன்மையில் எழுத விரும்பினால் 1812 முடிவை எடுங்கள். அவன் எங்கோ இருக்கிறான், பேசுகிறான் என்று வைத்துக்கொள்ளலாம். 1857 முடிவு வேண்டுமென்றால் படர்க்கைக்கு மாறுங்கள். பதிப்பைப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் பாதியில் எல்லாவற்றையும் திருப்பி எழுத வேண்டி வரும்.

எங்கே கிடைக்கும்? ஜெர்மன் தெரிந்தால் ஜெர்மன் விக்கிமூலத்தில் பழைய பதிப்புகள் இலவசம். ஆங்கிலம் என்றால் குட்டன்பெர்க் திட்டம் என்ற இணைய நூலகத்தில் இலவசமாக உண்டு, ஆனால் இங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது. மார்கரெட் ஹண்ட் 1884-ல் செய்த மொழிபெயர்ப்பு கடைசிப் பதிப்பை ஒட்டியது. எட்கர் டெய்லர் 1823-ல் தொடங்கிய மொழிபெயர்ப்பு குழந்தைகளுக்காக மென்மையாக்கப்பட்டது. அதில் குட்டி மனிதன் தரையில் மாட்டிய காலை இழுத்து எடுத்துக்கொண்டு, எல்லோரும் சிரிக்க ஓடிவிடுகிறான். இலவசம் என்பதற்காக முதலில் கிடைத்ததை எடுத்துக்கொள்ளாதீர்கள். முன்னுரையைப் படித்து யார் மொழிபெயர்த்தது, எந்த ஆண்டு என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். அந்தத் தாள் பின்னால் நான்கு இடங்களில் கேட்கப்படும்.

3. உரிமையைச் சரிபாருங்கள்

இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். இலங்கையிலும் ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் 70. வில்ஹெல்ம் கிரிம் 1859-லும் யாகோப் கிரிம் 1863-லும் இறந்துவிட்டார்கள். பிரெஞ்சுக் கதாசிரியர் பெரோ 1703, ஆண்டர்சன் 1875. ஆக மூலக்கதைகளுக்கு யாரிடமும் அனுமதி வேண்டாம், பணமும் கட்ட வேண்டாம். அனுமதி வாங்கித் தருகிறேன் என்று யாராவது தொகை கேட்டால் கொடுக்காதீர்கள்.

சிக்கல் மொழிபெயர்ப்பில்தான். மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு. ஹண்ட் 1912-ல் இறந்ததால் அவருடைய மொழிபெயர்ப்பு எல்லோருக்கும் பொது. 1812 பதிப்பின் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு 2014-ல்தான் வெளிவந்தது. அதற்கு உரிமை உள்ளது. படித்துக்கொள்ளலாம், கதை நிகழ்ச்சிகளைத் தெரிந்துகொள்ளலாம், வாக்கியங்களை எடுத்துத் தமிழாக்கக் கூடாது. தமிழ் மொழிபெயர்ப்புகளுக்கும் இதே விதி. தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளரின் மொழிபெயர்ப்பு என்றால் தடை இல்லை. அவர் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

அடுத்த கண்ணி சினிமா. நம் மனதில் இருக்கும் பல விவரங்கள் கிரிமிலிருந்து வந்தவை அல்ல, டிஸ்னியிலிருந்து வந்தவை. ஸ்னோ ஒயிட்டின் ஏழு குள்ளர்களுக்கு மூலத்தில் பெயரே கிடையாது. நாம் அறிந்த பெயர்கள் 1937 படத்துடையவை. தூங்கும் இளவரசியைச் சபிப்பவளுக்கு மலெஃபிசென்ட் என்ற பெயர் 1959 படத்தில் வந்தது. கடல் சூனியக்காரியை அர்சுலா ஆக்கியது 1989 படம். இவற்றில் ஒன்று உங்கள் கதையில் நுழைந்தாலும் பதிப்பாளர் திருப்பி அனுப்புவார், அது நியாயமும்கூட. ஸ்னோ ஒயிட்டை எழுப்பும் முத்தமும் கிரிமில் இல்லை. பெட்டியைத் தூக்கிப் போகிறவர்கள் தடுக்கியதில் தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே வருகிறது, அவ்வளவுதான். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பெயரையும், பொருளையும், நிறத்தையும் மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மாலை போதும்.

4. இரண்டு பத்தி அட்டவணை போடுங்கள்

தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் மூலத்தில் நடப்பவை, வரிசை மாறாமல். வலப்பக்கம், அந்த நேரத்தில் வில்லன் எங்கே இருந்தான், என்ன தெரியும், என்ன தெரியாது.

ரும்பெல்ஸ்டில்ட்ஸ்கினுக்கு இதைச் செய்தபோதுதான் கதையின் உண்மையான வடிவம் எனக்குத் தெரிந்தது. மாவு மில்காரன் ராஜாவிடம் தன் மகள் வைக்கோலைப் பொன்னாக நூற்பாள் என்று புளுகுகிறான். அப்போது குட்டி மனிதன் அங்கே இல்லை. ராஜா அவளை வைக்கோல் அறையில் பூட்டி, விடிவதற்குள் நூற்காவிட்டால் சாவு என்கிறார். அவன் அங்கேயும் இல்லை. அவள் அழும்போது கதவு திறந்து உள்ளே வருகிறான். ஏன் அழுகிறாய் என்று கேட்கிறான். அதாவது, நடந்தவை எதுவுமே அவனுக்கு நேரடியாகத் தெரியாது. அந்தப் பெண் சொன்னதை வைத்துத்தான் தெரியும். உங்கள் கதையும் அவள் வாயிலிருந்து வந்த அளவுக்குத்தான் ராஜாவையும் தந்தையையும் காட்ட வேண்டும்.

கடைசியிலும் அப்படித்தான். தன் பெயர் எப்படி வெளியே போனது என்பது அவனுக்குத் தெரியவே தெரியாது. "சைத்தான்தான் உனக்குச் சொல்லியிருக்கிறான்" என்று கத்துகிறான். வாசகருக்குத் தெரிந்தது, சொல்பவனுக்குத் தெரியவில்லை. இந்த இடைவெளியை மூடாதீர்கள். வில்லன் பார்வைக் கதையில் பெரும்பாலோர் தோற்பது இங்கேதான்: வில்லனுக்கு எல்லாம் தெரிந்ததுபோல் எழுதிவிடுகிறார்கள். அப்புறம் அவன் வாயில் விளக்கம்தான் வருகிறது, குரல் வருவதில்லை.

5. காரணத்தை மூலத்துக்குள்ளேயே தேடுங்கள்

"சிறுவயதில் எல்லோரும் கேலி செய்தார்கள், அதனால் கெட்டவன் ஆனான்." இந்தக் காரணத்தை எழுதவே எழுதாதீர்கள். உயரம் குறைந்தவர், முகம் கோணலானவர் கெட்டவராகத்தான் ஆவார் என்ற பழைய கதைகளின் எண்ணத்தையே அது வேறு உடையில் கொண்டுவருகிறது.

மூலத்திலேயே விடை சொல்லப்படாத கேள்விகள் இருக்கும். அவற்றைத் தேடி எடுங்கள். ரும்பெல்ஸ்டில்ட்ஸ்கினில் எனக்குக் கிடைத்த முதல் கேள்வி: வைக்கோலைப் பொன்னாக்கத் தெரிந்தவனுக்கு மில்காரன் மகளின் கழுத்தணி எதற்கு? இரண்டாம் இரவு மோதிரம் எதற்கு? நினைத்தால் மலை அளவு தங்கம் செய்துகொள்ளக் கூடியவன் அவன். அப்படியானால் அவன் வாங்குவது பொருளின் மதிப்பை அல்ல. இன்னொருவர் தன்னிடமிருந்த ஒன்றைக் கழற்றிக் கொடுத்ததை. இந்த ஒரு கேள்வியிலிருந்து என் கதை முழுவதும் வந்தது.

அதற்கு ஆதாரமும் மூலத்தில் இருக்கிறது. ராணியானதும் அவள் குழந்தைக்குப் பதிலாக நாட்டின் செல்வம் எல்லாவற்றையும் தருகிறேன் என்கிறாள். உலகத்துப் புதையல் அனைத்தையும்விட உயிருள்ள ஒன்றுதான் எனக்குப் பிரியம் என்று அவன் மறுக்கிறான். அவள் அழுததும் இரக்கப்பட்டு மூன்று நாள் அவகாசம் தருகிறான். பொய் சொன்னவன் தந்தை. கொன்றுவிடுவேன் என்று மிரட்டியவர் ராஜா. சொன்ன வேலையை மூன்று இரவும் செய்து கொடுத்தவன் இவன். இருந்தும் தோற்பவன் இவன் மட்டும்தான். ராஜாவுக்கு தங்கம் நிறைந்த மூன்று அறைகளும் குழந்தையும் மிஞ்சுகின்றன.

சரி, இதை எல்லாம் அடுக்கியதும் அவனை நல்லவனாக்கத் தோன்றும். நிறுத்துங்கள். கழுத்தில் கத்தி இருக்கும் பெண்ணிடம், அவள் மறுக்கவே முடியாத இரவில், பிறக்காத குழந்தையை விலையாகக் கேட்டவனும் இவன்தான். அந்தப் பேரத்தின் கொடுமையை உங்கள் கதையில் ஒரு இடத்திலாவது அவனே உணர வேண்டும், அல்லது உணராமல் தாண்டிப் போவதை வாசகர் பார்க்க வேண்டும். அவன் வலியும் உண்மை, அவன் செய்த கேடும் உண்மை. இரண்டையும் தாங்கும்போதுதான் வில்லன் பக்கத்துக் கதைக்கு அர்த்தம் இருக்கிறது. எனக்கு இந்த வகை எழுத்து இவ்வளவு பிடித்துப் போனதற்கும் அதுவே காரணம்.

அளவு: 2,500 சொல்லுக்குள் முடியுங்கள். மூலக்கதை மிகச் சிறியது. ரொம்ப இழுத்தால் நைந்துவிடும். முதல் வரைவுக்கு இரண்டு வாரம், தொடாமல் வைக்க இரண்டு வாரம், திருத்த ஒரு வாரம் என்று ஒதுக்கிக்கொள்ளுங்கள். பெயர் உச்சரிப்பை முதல் நாளே ஒரே மாதிரி முடிவு செய்து, கடைசிவரை மாற்றாதீர்கள்.

6. இரண்டு பேரிடம் படிக்கக் கொடுங்கள்

ஒருவர் மூலக்கதை தெரிந்தவராகவும் மற்றவர் கேள்விப்படாதவராகவும் இருக்கட்டும். தெரியாதவருக்குக் கதை புரியவில்லை என்றால், நீங்கள் மூலத்தைச் சாய்வு நாற்காலியாக வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள் என்று பொருள்.

7. எங்கே அனுப்புவது

அச்சு இதழ் என்றால் ஒரு நேரத்தில் ஒரு இதழுக்கு மட்டும். கூடவே நான்கு வரிக் கடிதம்: சொந்தப் படைப்பு, வேறெங்கும் வெளிவரவில்லை, எந்தப் பதிப்பைத் தழுவியது, தொடர்பு எண். "கிரிம் தொகுப்பு, கதை 55, 1812 பதிப்பின் முடிவைத் தழுவிய மறுகதை" என்று எழுதினால் போதும். தழுவல் என்பதை மறைத்தால் கதைத் திருட்டு என்ற பேச்சு வரும். மூன்று மாதம் காத்திருங்கள். பதில் இல்லையென்றால், கதையை வேறிடம் அனுப்புவதாக ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு நகருங்கள். நான் அனுப்பிய ஓர் இதழிலிருந்து இன்றுவரை பதில் இல்லை. மின்னஞ்சல் நகல் கையில் இருந்ததால் பிறகு எந்தக் குழப்பமும் வரவில்லை.

மின்னூல் என்றால் நாமே மின்னூல் வெளியிட உதவும் அமேசான் கேடிபி தளம் தமிழை ஏற்கிறது. பதிவேற்றக் கட்டணம் இல்லை. பான் எண், வங்கிக் கணக்கு விவரம், அட்டைப்படம் தேவை. பெரும்பாலும் 72 மணி நேரத்துக்குள் விற்பனைக்கு வந்துவிடும். ஐஎஸ்பிஎன் கட்டாயம் இல்லை. ராயல்டி 35 அல்லது 70 சதவீதம். இந்திய விற்பனைக்கு 70 சதவீதம் வேண்டுமானால் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும், அது 90 நாள் ஒப்பந்தம். அந்த 90 நாளும் அதே கதை மின்வடிவில் வேறெங்கும் இருக்கக் கூடாது. பிரதிலிபி என்ற கதைத் தளத்தில் ஏற்கெனவே போட்டிருந்தால் முதலில் அங்கே எடுத்துவிட்டு, பிறகு சேருங்கள். இதைப் படிக்காமல் டிக் அடித்தால் கணக்கே முடங்கலாம்.

8. அச்சுப் புத்தகமும் செலவும்

ஒரு மறுகதை புத்தகம் ஆகாது. ஐந்தாறு வில்லன்களாவது வேண்டும். அச்சகத்தில் 16 பக்கத்தை ஒரு ஃபாரம் என்பார்கள். 80 பக்கம் என்றால் ஐந்து ஃபாரம். 82 பக்கத்தில் முடித்தால் மீதிப் பக்கங்கள் வெற்றாகப் போகும், காசும் போகும். மூன்று அச்சகங்களில் விலை கேளுங்கள். அளவு, பக்கம், தாளின் ஜிஎஸ்எம் (கனம்), அட்டை, பைண்டிங், பிரதி எண்ணிக்கை எல்லாம் ஒரே மாதிரி எழுதிக் கொடுத்தால்தான் ஒப்பிட முடியும். பக்க வடிவமைப்பு, மெய்ப்பு (பிழை பார்த்தல்), அட்டை மூன்றும் அந்த விலையில் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

பிரதியை யூனிகோடில் கொடுங்கள். சில இடங்களில் அதைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் வடிவமைப்பார்கள். அந்த மாற்றத்தில் கிரந்த எழுத்துகள் உடையும். ரும்பெல்ஸ்டில்ட்ஸ்கின் என்ற பெயரில் எத்தனை புள்ளி எழுத்துகள் என்று பாருங்கள். கடைசி மெய்ப்பில் அந்தப் பெயரை மட்டும் தனியாக, வரும் இடமெல்லாம் சரிபாருங்கள்.

அட்டைக்கும் உள்ளே போடவும் படம் வேண்டுமென்றால், வால்டர் கிரேன், ஆர்தர் ராக்கம் இருவரும் கிரிம் கதைகளுக்கு வரைந்தவை இருக்கின்றன. கிரேன் 1915-லும் ராக்கம் 1939-லும் இறந்தார்கள், ஆகவே உரிமை முடிந்துவிட்டது. ஸ்கேன் எடுத்து வைத்திருக்கும் தளத்தின் நிபந்தனையை மட்டும் படித்துக்கொள்ளுங்கள்.

ஐஎஸ்பிஎன் இந்தியாவில் இலவசம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். அடையாளச் சான்றும் அட்டைப்பட வடிவும் தயாராக வைத்திருங்கள். இதற்கு ஆயிரக்கணக்கில் கேட்கும் இடைத்தரகர்கள் உண்டு. அச்சுக்குப் போகும் முன்பே விண்ணப்பியுங்கள், பின் அட்டையில் எண் வர வேண்டும்.

பதிப்புரிமைப் பதிவு கட்டாயம் இல்லை. எழுதிய கணமே உரிமை உங்களுடையது. பதிவு செய்ய விரும்பினால் இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் ₹500, படிவம் 14. விண்ணப்பித்த பின் ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருப்பு, சான்றிதழ் வர மாதங்கள் ஆகலாம். மூலக்கதைக்கு உரிமை கோராதீர்கள், உங்கள் மறுகதைக்கு மட்டும்.

புத்தகம் வெளிவந்த 30 நாளுக்குள், 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியிடுபவர் தன் செலவில் நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும்: கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி. நீங்களே வெளியிட்டால் அந்தப் பொறுப்பும் உங்களுடையதுதான். அச்சிடும் எண்ணிக்கையில் இந்த நான்கையும் சேர்த்துக் கணக்கிடுங்கள், பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ரசீதுகளை அந்தப் பதிப்பு விவரத் தாளோடு ஒரே கோப்பில் போட்டு வையுங்கள்.